குடோன் ரசீதும் இருபத்து நான்கு சொற்களும்

திருநெல்வேலி
23.11.2025

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேனாவால் நான்கு பக்கம் எழுதித் தபாலில் சேர்க்கிற ஆள் இப்போது எனக்கு நீ ஒருவன்தான். நானும் அதே வழியில் பதில் எழுதுகிறேன். காசு எங்கே இருக்கிறது என்கிற பேச்சை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்வதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

வீட்டுச் செய்தி இரண்டு வரி. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், அதனால் பீரோவின் கீழ்த்தட்டில் எதையும் வைக்க முடிவதில்லை. மழை பெய்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதலில் உன் மச்சான் விஷயம், அதுதான் அவசரம். டெலிகிராம் குழுவில் சேர்ந்து, அவர்கள் அனுப்பிய ஆப்பில் 20,000 போட்டார், 5,000 வெளியே எடுக்க முடிந்தது, அந்தத் தைரியத்தில் ஒன்றரை லட்சம் போட்டார், இப்போது 6 லட்சம் காட்டுகிறது, எடுக்க வேண்டுமென்றால் முதலில் ‘வரி’ 60,000 கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த 6 லட்சம் வெறும் படம்டா. திரையில் எண் போட அவர்களுக்கு என்ன செலவு? அந்த 5,000 அவர்கள் போட்ட தூண்டில் புழு. வருமான வரியை, காயின் வாங்கி விற்கும் சந்தையான எந்த எக்ஸ்சேஞ்சும் யாரோ ஒருவரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்லி வாங்காது. இன்னும் ஒரு பைசா போடவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடச் சொல். பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்ற வங்கி விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். சீக்கிரம் புகார் போனால் வழியிலேயே ஏதாவது ஒரு கணக்கில் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, இதற்குப் பிறகு ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒருவன் வருவான். அவனும் பெரும்பாலும் அதே கூட்டத்து ஆள்தான். உன் வீட்டில் தங்கச்சியிடம் சொல்லி வை, அவள் தம்பிக்கு வெட்கமாக இருக்கும், திட்டாமல் பேசச் சொல்.

இப்போது உன் கேள்வி. கார்த்தி சொல்லி 3 லட்சத்துக்கு பிட்காயின் வாங்கியாயிற்று, அது எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலேயே கிடக்கிறது, அப்படியே விடலாமா என்கிறாய். விலை ஏறுமா என்று நீ கேட்காதது எனக்கு நிம்மதி. அது எனக்குத் தெரியாது.

உன் தொழிலிலேயே சொல்கிறேன். நீ நூறு மூட்டை விரலி மஞ்சளைக் குடோனில் இறக்கிவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறாய். சட்டைப் பையில் இருப்பது ரசீதுதான். மஞ்சள் குடோனில் இருக்கிற வரைக்கும் ரசீதுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. குடோன்காரன் ராத்திரியோடு ராத்திரியாக உன் மூட்டையை ஏற்றித் தன் மைத்துனனுக்குக் கொடுத்தால்? ரசீது அப்போதும் நூறு மூட்டை என்றுதான் சொல்லும். எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் நீ பார்க்கிற இருப்பு அந்த ரசீது. பிட்காயின் அவர்கள் வாலட்டில், அதாவது அவர்கள் பெட்டியில், அவர்கள் சாவியில் இருக்கிறது. சாவி என்றால் காயினை நகர்த்தும் ரகசியக் குறியீடு.

எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் கதை இதுதான், ஒரு எழுத்து மாறாமல். சாம் பேங்க்மேன்-ஃபிரைட் என்ற அமெரிக்கப் பையன் பஹாமாஸ் தீவில் உட்கார்ந்து நடத்தினான். அவனுக்கே சொந்தமான அலமீடா என்ற இன்னொரு கம்பெனி அங்கே வியாபாரம் செய்தது. மற்ற எல்லோருடைய கணக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அலமீடா கணக்கு மட்டும் மைனஸில் போகலாம் என்று மென்பொருளிலேயே எழுதிவைத்திருந்தார்கள். மைத்துனனுக்குத் தனி வாசல்! 2022 நவம்பர் தொடக்கத்தில் அலமீடாவின் சொத்துக் கணக்கு வெளியே கசிந்தது. அதில் ஒரு பெரிய பங்கு எஃப்டிஎக்ஸே அச்சடித்த டோக்கன், அதாவது அவர்களே உண்டாக்கிய காயின். ஜனங்கள் ஒரே நேரத்தில் ரசீதோடு வாசலுக்கு வந்தார்கள். 11-ஆம் தேதி திவால் மனு. வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 800 கோடி டாலர் ஓட்டை. 2024 மார்ச்சில் அவனுக்கு 25 வருடச் சிறை கிடைத்தது. பின்னால் பணம் திரும்பக் கொடுத்தார்கள்தான், ஆனால் திவாலான நாளின் விலையில், டாலராக. அன்று ஒரு பிட்காயின் 17,000 டாலருக்கும் கீழே. இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மஞ்சள் வைத்தவனுக்குப் பழைய விலைக்குக் காசு கொடுத்துக் கணக்கை முடித்தால் உனக்கு எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு பல எக்ஸ்சேஞ்சுகள் ‘இருப்புச் சான்று’ காட்ட ஆரம்பித்தன. ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் அடுக்கியிருக்கும் மூட்டையைக் காட்டுகிறவன் கடன் நோட்டை முழுசாகக் காட்ட வேண்டுமே. எண்ணுகிற அன்றைக்கு மட்டும் பக்கத்துக் குடோனிலிருந்து கைமாற்று வாங்கி அடுக்கினால் யாருக்குத் தெரியும்?

நம் ஊருக்குக் கொஞ்சம் பக்கத்தில் நடந்ததையும் கேள். கனடாவில் குவாட்ரிகா என்று ஒரு எக்ஸ்சேஞ்ச். நடத்தியவர் ஜெரால்ட் காட்டன், முப்பது வயது. 2018 டிசம்பரில் மனைவியோடு இந்தியாவுக்கு வந்தவர் ஜெய்ப்பூரில் குடல் நோய் முற்றி இறந்துபோனார். சாவி எல்லாம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது, மடிக்கணினி பூட்டிக் கிடக்கிறது, திறக்க முடியவில்லை என்று சொன்னார்கள். 76,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். தணிக்கையாளர்கள் வாலட்களைத் தேடிப் பார்த்தால், அவர் சாவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே அவை காலி. ஒன்டாரியோ பங்கு ஆணையம் 2020-இல் அறிக்கை கொடுத்தது: பொய்ப் பெயரில் கணக்குகள் தொடங்கி, அவற்றில் இல்லாத பணத்தை வரவு வைத்து, அதைக் கொண்டு தன் வாடிக்கையாளர்களிடமே காயின் வாங்கியிருக்கிறார். பூட்டைத் திறக்க முடியாமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தது வெறும் பெட்டிக்காக. எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் மோசடியில் இல்லை. அத்தனை பேரில் ஒருவருக்கும், ‘சாவி இன்னும் யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றவில்லை பார்.

வஸீர்எக்ஸ் என்ற நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச் பற்றி நீயே கேட்டிருக்கிறாய். அங்கே நடந்தது திருட்டு. 2024 ஜூலை 18-ஆம் தேதி 23 கோடி டாலருக்கு மேல் போனது, நம் கணக்கில் 2,000 கோடி ரூபாயை ஒட்டி. பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் வாலட் அது. திரையில் ஒன்று காட்டி வேறொன்றுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வட கொரியாவின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து அறிக்கை விட்டன. பிட்காயின் போன்ற கிரிப்டோவை வெளியே எடுக்க முடியாமல் ஜனங்கள் பதினைந்து மாதம் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு சிங்கப்பூரில் நடந்தது, சென்ற மாதம்தான் மறுபடி திறந்தார்கள். இதிலே நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பங்கு உண்டு. திருடுபோனதில் சேராத வேறு வகைக் காயின் வைத்திருந்த ஒருவர், என் காயினை ஏன் எல்லோருடைய நஷ்டத்திலும் சேர்க்கிறீர்கள் என்று போனார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார்: கிரிப்டோ ஒரு சொத்துதான், ஒருவரை நம்பி ஒப்படைத்து வைக்கத் தக்கதுதான் என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வாங்கித்தான் மூட்டையை மீட்க வேண்டும் என்றால் நம் வயசுக்குத் தாங்குமா?

சரி, சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது, அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஹார்டுவேர் வாலட் என்று பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி. முதல் தடவை இயக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். எழுதி வைத்துக்கொள் என்று சொல்லும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அது பொறுக்கி எடுப்பவை. சீடு பிரேஸ் என்பார்கள், நான் மீட்புச் சொற்கள் என்கிறேன். கருவி உடைந்தால் புதுசு வாங்கி அந்தச் சொற்களை வரிசையாக அடித்தால் காசு வந்துவிடும். உன் காசு இருப்பது அந்தச் சொற்களில்தான், கருவியில் இல்லை. வேறு யார் கையில் அவை கிடைத்தாலும் காசு அவர்களுடையது. கேட்க ஒரு மேலாளர் கிடையாது.

நான் பெரிய புத்திசாலி மாதிரி 12 சொல்லையும் ஜெல் பேனாவால் ஒரு அட்டையில் எழுதி, எல்ஐசி பத்திரங்களோடு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டில் இடுப்பளவு. தண்ணீர் வடிந்தபின் அட்டையை எடுத்தால் நீலக் கறை. ஏழு சொல் படிக்க முடிந்தது. கருவி மட்டும் சாமி அலமாரியில் மேலே இருந்து பிழைத்தது. அது பழைய சொற்களை மறுபடி காட்டாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கருவி வாங்கி, புதுச் சொற்கள் உண்டாக்கி, எல்லாவற்றையும் அங்கே மாற்றினேன். அந்த இரண்டாவது கருவி வந்துசேர ஆன ஒன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை. இத்தனைக்கும் அதில் இருந்தது ஒரு நல்ல பைக் வாங்குகிற தொகைதான்.

இப்போது எஃகுத் தகட்டில் வைத்திருக்கிறேன். டவுனில் பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுக்கலாமா என்று முதலில் நினைத்தேன், குடத்தில் வெட்டுவாரே அவர்தான். அப்புறம் உறைத்தது: வெட்டுகிறவர் படிப்பாரே! எழுத்து உளி ஒரு செட் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே சுத்தியலால் அடித்தேன். நல்ல வேளை, ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. 24 சொல்லுக்கும் அடித்து முடிக்க ஒரு மதியம் ஆயிற்று. கீழ்வீட்டுக்காரர் தளம் போடுகிறோமா என்று கேட்டார்.

படம் எடுத்துப் போனில் வைக்காதே. போன் தானாகவே அதைக் கூகுளுக்கு ஏற்றிவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே, கார்த்திக்கும்தான். ‘கஸ்டமர் கேர்’ என்று எவன் கேட்டாலும் சொல்லாதே. கருவியை அதைச் செய்கிற கம்பெனியிடமிருந்தே நேராக வாங்கு. பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அது திருடன் அனுப்பிய பெட்டி. அனுப்பும்போது காயின் போய்ச் சேரும் வாலட் முகவரியைக் கருவியின் சின்னத் திரையில் பார், கணினித் திரையை நம்பாதே. இந்தப் பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் 150 கோடி டாலர் போனதும் கணினித் திரையை நம்பித்தான். பழைய வரவு செலவுப் பட்டியலிலிருந்து முகவரியை நகல் எடுக்காதே. முதலும் கடைசியும் அதே மாதிரி இருக்கும் போலி முகவரியிலிருந்து சில்லறைக் காசு அனுப்பி அந்தப் பட்டியலுக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பான். முதலில் 500 ரூபாய்க்கு அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்தபின் மீதி.

எல்லாவற்றையும் வெளியே எடு என்றும் சொல்ல மாட்டேன். கார்த்தி வாங்கி விற்கிறான் என்றால் அதற்கு வேண்டியதை எக்ஸ்சேஞ்சிலேயே வைக்கட்டும், போனால் போகட்டும் என்கிற அளவுக்கு. அரசின் நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயூவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சா என்று மட்டும் பார்க்கச் சொல். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வராமல் போனிலேயே எண்ணை உண்டாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும்படி மாற்றச் சொல். லாபத்துக்கு 30% வரியும் மேலே செஸ்ஸும் உண்டு. விற்கும்போது 1% டிடிஎஸ் பிடிப்பார்கள். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. உன் ஆடிட்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஆளுக்கு ஆள் நேராகப் பணம் வாங்கி விற்கிற பி2பி பக்கம் மட்டும் போக வேண்டாம். என் அக்கா மகன், டாலர் விலையை ஒட்டி நிற்கும் யூஎஸ்டிடி காயினை யாரோ முகம் தெரியாத ஆளிடம் அப்படி விற்றான். சந்தையை விட இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தானாம். வந்தது எங்கோ வடக்கே ஒரு பெரியவரை ஏமாற்றிப் பறித்த பணம். அந்த ஊர்ப் போலீஸ் கேட்டு வங்கி கணக்கை முடக்கியது. சம்பளமும் அதே கணக்கில். நான்கு மாதம் என்னிடம் கைமாற்று வாங்கித்தான் வீட்டு வாடகை கொடுத்தான்.

கடைசியாக ஒன்று, தங்கச்சிக்குத் தெரியுமா? எனக்கும் உனக்கும் சர்க்கரை, எனக்குப் போனஸாக ரத்த அழுத்தம். நான் இவளிடம் தகட்டைக் காட்டி, நான் போய்ச் சேர்ந்தால் இதை மகளிடம் மட்டும் கொடு, நடுவில் எந்தத் தரகனும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ‘இதுக்கு நாலு பவுன் வாங்கியிருக்கலாம்’ என்றாள். அவள் சொன்னது தப்பு என்று என்னால் அன்றும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

தையில் மூத்தவள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன். உளி செட்டையும் ஒரு வெற்றுத் தகட்டையும் எடுத்து வருகிறேன், இருட்டுக்கடை அல்வாவோடு. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நீயே உட்கார்ந்து அடி. முடியும் வரைக்கும் நான் கீழே திண்ணையில் தங்கச்சி கையால் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்தான், இருந்தாலும் மேலே வர மாட்டேன்.

அன்புடன்,
முத்தையா