பழைய மோட்டார் சைக்கிள் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நமது உழைப்பில் பெரும்பகுதியை ஒரே வண்டி எடுத்துக்கொண்டது. அது பிஎஸ்ஏ பான்டம் டி1. நாம் வாழும் இதே பர்மிங்காமின் ஸ்மால் ஹீத்தில் தலைமை ஆலையை வைத்திருந்த நிறுவனத்தின் வண்டி அது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1948இல் வெளிவந்த இந்த 123 சிசி வண்டியின் மூல வடிவம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனத்தின் ஆர்டி 125 மோட்டார் சைக்கிள். போர் இழப்பீடாகக் கிடைத்த அந்த வடிவமைப்பை பிஎஸ்ஏ இடம் வலமாகத் திருப்பி, அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி கியர் மிதியை வலப்பக்கம் வைத்தது. நம் இளைஞர்கள் முதல் நாள் பிரேக் என்று எண்ணி கியரை மிதித்தார்கள். இரண்டு வாரத்தில் கால் பழகிவிட்டது.

வண்டி நம்மிடம் வந்தபோது உதைத்தாலும் எஞ்சின் எழவில்லை, எழுந்தாலும் வெண்புகை. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினோம். கோளாறு அங்கே இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அந்த அறையில் சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையங்களான எண்ணெய் சீல்கள் தேய்ந்தால் காற்றும் கியர் எண்ணெயும் உள்ளே புகுந்துவிடும். நம் வண்டியின் கோளாறு அதுதான். சீலை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். முதலில் தபாலில் வந்த சீல்கள் அளவு பொருந்தாதவை. அதில் ஒரு மாதம் போயிற்று. குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் கொட்டகையில் நின்ற ஐவருக்கும் என் நன்றி.

நாற்பது ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால் சாலை வரி இல்லை. ஆனால் அதற்கும் விண்ணப்பித்தே ஆக வேண்டும். விண்ணப்பித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கோடை விழாவில் ஒரு ஆங்கிலேய முதியவர் வண்டியின் அருகே வெகுநேரம் நின்றார். இளமையில் சிவப்பு பான்டமில் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவராம். டேங்க் மேலிருந்த சேவல் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒருமுறை உதைக்கட்டுமா என்று கேட்டார். இரண்டாவது உதையில் எஞ்சின் எழுந்தது. அவர் அதை அணைக்க விடவே இல்லை.

எனவே, இவ்வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்ற யோசனையை நான் எதிர்க்கிறேன். மாதம் ஒருமுறையாவது அதைச் சாலையில் ஓட்ட வேண்டும், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதன் எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்க வேண்டும் என்ற தீர்மானத்தை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்