கம்பாசிட்டர் மாறும்போது தமிழ்த் தட்டச்சு என்ன ஆகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையையும் விசைப்பலகையையும் நிரல்களுக்குப் பகிர்ந்து தரும் எக்ஸ்11 என்ற பழைய அமைப்பிலிருந்து வேலண்டு என்ற புதிய அமைப்புக்கு லினக்ஸ் கணினிகள் மாறிவருவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். நாளிதழ்கள் அதிகம் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆயினும், திரை முன்பைவிட வழுவழுப்பாக நகரும் என்பதைத் தவிரப் பயனருக்கு வேறு எந்த வேறுபாடும் தெரியாது என்று கட்டுரை முடிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். தமிழில் எழுதுபவருக்குப் பொருந்தாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

எங்கள் ஊர் நூலகம் ஒன்றில் உள்ள ஆறு கணினிகளைச் சம்பளமில்லாமல் பராமரித்து வருகிறேன். அனைத்தும் கே.டி.ஈ. பிளாஸ்மா என்ற மேசைச்சூழல் (திரையில் நாம் காணும் சாளரங்களையும் பட்டியல்களையும் அமைப்புகளையும் தரும் மென்பொருள்) கொண்ட லினக்ஸ் கணினிகள். சில மாதங்களுக்கு முன் அவற்றைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினேன். மறுநாள் காலை வந்த மாணவி ஒருவர், லிபர் ஆபிஸ் எழுதுசெயலியில் தமிழ் வருகிறது, உலாவியில் வரவில்லை என்றார். சென்று பார்த்தால் அவர் சொன்னது உண்மை. ஒரே கணினி, ஒரே விசைப்பலகை, ஒரே தமிழ்99 தட்டச்சு முறை. ஒரு சாளரத்தில் தமிழ், அடுத்த சாளரத்தில் ஆங்கிலம். மற்றொரு கணினியில் ‘ந’ விசை பழுதாகி இருந்ததால், பயன்படாத வேறொரு விசைக்கு அந்த வேலையைக் கொடுத்து எக்ஸ்மாட்மேப் கட்டளை ஒன்றைத் தொடக்கக் கோப்பில் முன்பே எழுதி வைத்திருந்தேன். அந்த ஏற்பாடும் சில நிரல்களில் வேலை செய்தது, சிலவற்றில் செய்யவில்லை. வன்பொருள் கோளாறு என்று எண்ணி அரைநாளை வீணாக்கினேன். தவறு என்னுடையதுதான், கணினியில் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், அதீனா திட்டத்தின்போது பிறந்தது. அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. பெயரில் உள்ள 11 என்ற எண் அதைத்தான் குறிக்கிறது. திரையையும் விசைப்பலகையையும் எலியையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் டிஸ்ப்ளே சர்வர் அது. சாளரங்களுக்குச் சட்டம் போட்டு இடம் ஒதுக்கும் வேலையை அதற்கு வெளியே நின்ற விண்டோ மேனேஜர் என்ற தனி நிரல் செய்தது. நிழலும் ஒளிபுகும் தன்மையும் வேண்டும் என்ற காலம் வந்தபோது, எல்லாச் சாளரங்களின் படங்களையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுத்திரைப் படமாகக் கோக்கும் கம்பாசிட்டர் என்ற மூன்றாவது நிரல் ஒட்டுப்போட்டதுபோல் வந்து சேர்ந்தது. 2006-இல் வந்த கம்பிஸ் என்ற நிரல் திரையைக் கனசதுரமாகச் சுழற்றிக் காட்டியபோது நாங்கள் வாய்பிளந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கம்பாசிட்டர் என்ற சொல்லைக் கேட்டால் அச்சகத்தில் ஈய எழுத்துகளை எடுத்துக் கோத்தவரே என் வயதுக்காரர்களின் நினைவுக்கு வருவார். திரையில் இந்த நிரல் செய்வதும் ஏறக்குறைய அதே கோக்கும் வேலைதான்.

வேலண்டு இந்த மூன்று வேலைகளையும் ஒன்றாக்கியது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தின் 1.0 பதிப்பு 2012-இல் வெளிவந்தது. வேலண்டு என்பது ஒரு நிரலன்று. நிரல்களும் கம்பாசிட்டரும் பேசிக்கொள்ளும் மொழி, அவ்வளவே. அந்த மொழியைப் பேசும் கம்பாசிட்டரே டிஸ்ப்ளே சர்வராகவும் சாளர மேலாளராகவும் இருக்கிறது. க்னோம் என்ற மற்றொரு மேசைச்சூழலில் மட்டர், கே.டி.ஈ.யில் கேவின், விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் செய்ய விரும்புவோருக்கு ஸ்வே, ராஸ்பெர்ரி பை என்ற சிறுகணினியில் 2024 அக்டோபர் முதல் லாப்டபிள்யூசி எனக் கம்பாசிட்டர்கள் பல உள்ளன. தங்கள் கட்டுரை இவற்றை அழகு சார்ந்த தெரிவுகள் போலக் குறிப்பிட்டுக் கடந்துவிட்டது. எக்ஸ் காலத்தில் விசைப்பலகை அமைப்பு எக்ஸ் சர்வர் என்ற ஓரிடத்தில் இருந்தது. எந்த மேசைச்சூழலில் நுழைந்தாலும் அதே கட்டளை செல்லுபடியாகும். இப்போது விசைப்பலகை முழுவதும் கம்பாசிட்டரின் ஆளுகைக்குள் வந்துவிட்டதால், ஒவ்வொன்றிலும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய முறையில்தான் அமைக்க வேண்டும்.

என் ‘ந’ விசைக்கு நேர்ந்ததும் இதுவே. எக்ஸ்மாட்மேப், செட்எக்ஸ்கேபிமேப் போன்ற பழைய கட்டளைகள் எக்ஸ் சர்வரிடம் மட்டுமே பேசத் தெரிந்தவை. வேலண்டு அமர்வில், அதாவது வேலண்டின் வழியாக உள்நுழைந்து வேலை செய்யும்போது, பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலண்டு என்ற துணை எக்ஸ் சர்வர் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கட்டளை அதனிடம் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். அதன் வழியாக ஓடும் நிரல்களில் மாற்றம் தெரியும், வேலண்டு மொழியை நேரடியாகப் பேசும் நிரல்களோ அதை அறியவே அறியா. கடைசியில் புதிய விசைப்பலகை ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் விஷயம் இன்னும் ஆழமானது. விசை அமைப்பு வேறு, உள்ளீட்டு முறை வேறு என்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. விசை அமைப்பு என்பது இந்த விசையை அழுத்தினால் இந்த எழுத்து என்ற அட்டவணை மட்டுமே. முன்னால் என்ன எழுத்து விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஆனால் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையின் அருமையே முன்னெழுத்தை அறிந்து நடப்பதில்தான் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ என்று வருகிறது. இடையில் புள்ளியை நாம் இடுவதில்லை. ப, ந, த, உ என்று தட்டினால் ‘பந்து’. இதைச் செய்ய ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல் ஒன்று விசைகளை நடுவில் வாங்கி, சொல்லை உருவாக்கி, எழுதும் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். எக்ஸ் காலத்தில் எந்த நிரலும் எந்த நிரலின் விசைகளையும் எட்டிப்பார்க்கலாம் என்பதால் இதற்கு வழிகள் பல இருந்தன. வேலண்டில் கம்பாசிட்டர் அனுமதித்தால்தான் ஒரு நிரல் நடுவில் நிற்க முடியும்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. எக்ஸ்11 அமர்வில் ஏதோ ஒரு சிறு விளையாட்டு நிரல்கூட, பக்கத்துச் சாளரத்தில் நாம் தட்டும் வங்கிக் கடவுச்சொல்லைச் சத்தமின்றிப் படித்துவிடலாம், திரையையும் படமெடுத்துவிடலாம். பொதுமக்கள் வந்து அமரும் நூலகக் கணினியில் அந்தக் கதவு மூடப்பட்டிருப்பதே நல்லது. வீட்டுக்கு ஒரு பூட்டு போட்டால், உரிய ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் சாவியைக் கொடுக்கவில்லை.

பிளாஸ்மாவில் அந்தச் சாவி, யாரும் தேடிப்போகாத ஓரிடத்தில் இருக்கிறது. கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே ஐபஸ் வேலண்டு அல்லது எஃப்சிடிக்ஸ் 5 என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். தொடுதிரையில் தோன்றும் விசைப்பலகைக்கான பக்கம் என்று நினைத்து நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படிப் பெயர் வைத்தது அத்தனை பொருத்தமில்லை என்பதே இப்போதும் என் எண்ணம். இதைத் தெரிவு செய்யாவிட்டால், ஐபஸுடன் தனி வழியில் பேசத் தெரிந்த லிபர் ஆபிஸ் போன்றவற்றில் தமிழ் வரும். கம்பாசிட்டர் வழியாக மட்டுமே உள்ளீட்டை எதிர்பார்க்கும் நிரல்களில் வராது. எங்கள் மாணவி கண்டது இதைத்தான். குரோமியம் வழிவந்த உலாவிகள் சிலவற்றில், பதிப்பைப் பொறுத்து, வேலண்டு உள்ளீட்டை இயக்கும் தெரிவைத் தொடக்கக் கட்டளையில் தனியாகவும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

க்னோமில் வேலை எளிது. ஐபஸுக்கான எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பை நிறுவிவிட்டு, அமைப்புகளில் விசைப்பலகை என்ற பக்கத்தில் தமிழ்99-ஐ உள்ளீட்டு மூலமாகச் சேர்த்தால் போதும், ஏனெனில் ஐபஸ் க்னோமுடன் பிணைந்தே வருகிறது. இணையத்தில் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நிரல்களின் சாளரங்களை வரையும் ஜி.டி.கே., க்யூ.டி. என்ற கருவித்தொகுப்புகளுக்கு உள்ளீட்டு மாறிகளைச் சூழல் கோப்பில் எழுதி வைத்திருப்பவர்கள் அவற்றை நீக்கிவிட்டு முதலில் சோதிப்பது நல்லது. ஸ்வேயைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்புக் கோப்பின் உள்ளீட்டுப் பகுதியிலும், லாப்டபிள்யூசி பயன்படுத்துவோர் அதன் சூழல் கோப்பிலும் விசை அமைப்பைக் குறித்துவிட்டு, எஃப்சிடிக்ஸைத் தொடக்க நிரலாக ஓடவிடலாம்.

எழுத்தின் தோற்றம் பற்றியும் ஒரு சொல். சிறு மடிக்கணினிகளில் திரை அளவை 125 விழுக்காடாக வைத்துக்கொள்வோர் பலர். எக்ஸ்வேலண்டு வழியாக ஓடும் பழைய நிரலைக் கம்பாசிட்டர் சிறிய அளவில் வாங்கிப் பெரிதாக்கிக் காட்டினால் எழுத்து மங்கும். ஆங்கிலத்தில் அது வெறும் மங்கல். தமிழிலோ மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, க-வா க்-ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதாகிறது. பிளாஸ்மாவில் பழைய நிரல்கள் தம் அளவைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் தெரிவு ஒன்று திரை அமைப்புகளில் உண்டு. அதை மாற்றியதும் எங்கள் பழைய அகராதி நிரல் தெளிவாகிவிட்டது.

எக்ஸ்11-க்கே திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பில் உள்நுழையும் திரையின் பற்சக்கரக் குறியைச் சொடுக்கி எக்ஸ் அமர்வைத் தெரிவு செய்ய இன்றும் முடியும். அப்பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆனால் 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் அந்தத் தெரிவு இல்லை. அதற்கு முந்தைய மாதம் வந்த க்னோம் 49 எக்ஸ் அமர்வை இயல்பாகவே முடக்கி வைத்துள்ளது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 10-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ் சர்வரே நீக்கப்பட்டுவிட்டது. பிளாஸ்மாவின் எக்ஸ் அமர்வுக்கு 2027 தொடக்கம் வரைதான் ஆதரவு என்று கே.டி.ஈ. அறிவித்திருக்கிறது. ஆகவே திரும்பிப் போவது சில ஆண்டுகளுக்கு மட்டுமே பயன்படும் ஏற்பாடு. மிகப் பழைய கணினிகளில் எக்ஸ்எஃப்சிஈ சூழலுடன் எக்ஸிலேயே தங்குவதில் மட்டும் எனக்கு மறுப்பில்லை.

தங்கள் கட்டுரையாளர் இப்பொருளில் மீண்டும் எழுதுவாராயின், க்னோம், பிளாஸ்மா ஆகிய இரண்டிலும் எழுதுசெயலி, உலாவி, கட்டளைகளைத் தட்டும் முனையம் என்ற மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ப, ந, த, உ என்று தட்டி, ‘பந்து’ வருகிறதா என்று பார்த்து, கண்டதைப் படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமைப்புப் பக்கங்களின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் நூலகத்தின் ஆறு கணினிகளுக்கு அருகிலும் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
நூலகக் கணினிகளைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.