நோய்க் குறிப்பேட்டில் இல்லாத பழைய காயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்வதன் அவசியத்தை நன்கு விளக்கியிருந்தது. அதில் விடுபட்ட ஒன்றை, இந்நோயுள்ள தம்பியோடு 19 ஆண்டுகளாக உடனிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அவனது நோய்க் குறிப்பேடு இரண்டு விரற்கடை தடிமன் இருக்கும். காதில் கேட்கும் குரல்கள், தூக்கம், மருந்தின் அளவு எல்லாம் அதில் உண்டு. பத்து வயதில் விடுதியில் அவனுக்கு நேர்ந்த கொடுமை பற்றி ஒரு வரியும் இல்லை. ஒருமுறை மருத்துவரிடம் நானே எடுத்துச் சொன்னபோது, ஆறின புண்ணைக் கிளற வேண்டாம் என்று பதில் வந்தது. இன்றும் விளக்கை அணைக்கவிடாமல், கதவைப் பார்த்தபடியேதான் அவன் படுக்கிறான். புண் ஆறியதென்று எப்படி நம்புவது?

அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் மனநோயுள்ள 275 பேரில் 119 பேருக்கு, நேர்ந்த கொடுமையின் நினைவு விடாமல் வாட்டும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயும் (PTSD) இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மூவரின் குறிப்பேட்டில் மட்டுமே அது பதிவாகியிருந்தது.

கிளறினால் நோய் முற்றிவிடும் என்ற அச்சத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்துவிட்டனர். மனச்சிதைவு போன்ற மனப்பிறழ்வு நோயோடு இந்த உளைச்சல் நோயும் கொண்ட 155 பேரை வைத்து நடத்தி, 2015-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் தொடர, ஒரு பிரிவினர் நடந்ததைக் கண்மூடி, இப்போதுதான் நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் அந்நினைவை மனத்தில் நிறுத்தியபடி கண்ணசைவுப் பயிற்சி செய்யும் இ.எம்.டி.ஆர். முறையைப் பெற்றனர், மூன்றாம் பிரிவினர் காத்திருந்தனர். ஒன்றரை மணி நேர அமர்வுகள் எட்டே எட்டு. முடிவில், சிகிச்சை பெற்ற இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வுளைச்சல் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தனர். காத்திருந்தோரில் அது நான்கில் ஒருவரைச் சற்றே தாண்டியது. நிலைமை மோசமானதும் காத்திருந்தோரிடம்தான் அதிகம்.

பாதியில் நின்றவர்களும் உண்டு. எல்லோருடைய நோய்க்கும் பழைய காயமே காரணம் என்றும் நான் சொல்லவில்லை. மருந்துக்கு மாற்றாகவும் இதைக் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே, "உங்களுக்கு ஏதேனும் நேர்ந்ததா?" என்று கேட்கும் வழக்கமும், பதிலைக் கேட்டபின் என்ன செய்வதென்று பயின்ற உளவியலாளர்களும் வேண்டும் என்கிறேன். மூடி மறைத்த எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு.

தம்பிக்கு இப்போது 38 வயது. அவ்வாறு பயின்ற ஒருவரிடம் சென்ற மாதம்தான் அந்த விடுதி அறையைப் பற்றி முதன்முதலாகப் பேசியிருக்கிறான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்