கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ராத்திரி ஒருதடவ போய்ப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குடும்பத்தோட வெளிநாட்டுக்குக் குடிபோறவங்களுக்காக நீங்க போட்டிருந்த கட்டுரைய படிச்சேன், விசா, பேங்க் அக்கவுண்ட், பசங்க ஸ்கூல்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா வீட்டுச் சத்தத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எங்கள முதல் வருஷம் பூரா ஆட்டி வச்சது அதுதான்ங்கறதால இத எழுதறேன்.

நாங்க வீடு பாத்தது ஒரு வேலைநாள், பகல் 11 மணி. மேல் வீட்ல யாரும் இல்ல, நல்ல வெளிச்சம், அன்னிக்கே லீஸ்ல கையெழுத்து போட்டுட்டோம். முதல் ராத்திரிதான் தெரிஞ்சுது. மரத்தளம், மேல ஒருத்தர் நடந்தா தட் தட்னு தலைக்குள்ளயே நடக்கற மாதிரி கேக்குது, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நாற்காலிய இழுத்தா டேபிள் மேல இருக்கற டம்ளர்ல தண்ணி லேசா அதிருது. சின்னவ திடுக்குனு எழுந்து "அம்மா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்க"ன்னு என்னக் கட்டிக்குவா. ஊரும் புதுசு, மொழியும் புதுசு, யார்கிட்ட போய்ச் சொல்றது.

அவசரத்துல சுவத்துல ஒட்டற ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டினோம், காசுதான் போச்சு. அது ரூமுக்குள்ள எதிரொலியத்தான் குறைக்கும், வெளிய இருந்து வர்ற சத்தத்த நிறுத்தாது. டிவி, பேச்சு, வண்டிச் சத்தம் எல்லாம் காத்து வழியா இடுக்குல புகுந்து வருது, அதுக்கு கதவுக்கு அடியில, ஜன்னல் ஓரத்துல ரப்பர் ஸ்ட்ரிப் போட்டா நல்லாவே வித்தியாசம் தெரியும். காலடிச் சத்தம் அப்படி இல்ல, கட்டடம் வழியாவே இறங்குது, அத எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் தடுக்கணும், நாம கீழ இருந்துகிட்டு என்ன ஒட்டினாலும் பெருசா பிரயோஜனம் இல்ல.

அதனால மேல் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். ராத்திரி கோவத்தோட போகாம ஒரு ஞாயித்துக்கிழம பகல்ல, சொல்ல வேண்டியத நாலு வாக்கியமா மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். கீழ இவ்ளோ கேக்குதுன்னு அவங்களுக்கு நிஜமாவே தெரியல. அந்த வாரமே நாற்காலிக் காலுக்கு அடியில ஃபெல்ட்னு மெத்துனு இருக்கற துணித்துண்டு ஒட்டினாங்க, இழுக்கற சத்தம் நின்னுச்சு, நடக்கற சத்தம் இன்னும் இருக்கு. திரும்பி படி இறங்கும்போதுதான் எங்களுக்குக் கீழயும் ஒரு குடும்பம் இருக்கறது உறைச்சுது, எங்க பையன் சோஃபாவுல இருந்து குதிக்கறது அவங்களுக்கு எப்படி கேட்டிருக்கும்? கனமான கார்ப்பெட்டும் அதுக்கடியில போடற பேடும் வாங்கிப் போட்டோம்.

படுக்கையறையில ராத்திரி தொடர்ந்து இருக்கற சத்தம் 30 டெசிபலத் (சத்தத்த அளக்கற அலகு) தாண்டக்கூடாது, திடீர்னு வர்ற சத்தம் 45அத் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே வழிகாட்டுதல்ல சொல்லியிருக்கு. தூக்கம் கெட்டா பசங்க எரிஞ்சு விழறாங்க, நாமளும் அவங்க மேல எரிஞ்சு விழறோம், புது ஊரே புடிக்கலன்னு நினைச்சுக்கறோம், எங்க வீட்ல அதுதான் நடந்துச்சு.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா தயவுசெஞ்சு இதையும் சேருங்க: எல்லாரும் வீடு திரும்பின நேரத்துல, ராத்திரி எட்டு மணிக்கு மேல, இன்னொரு தடவ போய் படுக்கையறையில அஞ்சு நிமிஷம் பேசாம நில்லுங்க. மேல யார் இருக்காங்க, தளம் மரமா கான்கிரீட்டா, ராத்திரி எத்தன மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுன்னு அந்த பில்டிங்ல விதி இருக்கான்னு கேளுங்க.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா