24ஆம் புலிகேசி: தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2006 ஜூலையில் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யின் அடுத்த பாகத்துக்கு 2017ல் படப்பிடிப்பு தொடங்கியது. செட் போட்டார்கள், சில நாட்கள் எடுத்தார்கள், அதோடு நின்றது. நடிகருக்கும் தயாரிப்பாளருக்குமான பஞ்சாயத்து உங்களிடம் வந்தது. வடிவேலுவுக்கு ரெட் கார்டு, அதாவது யாரும் அவரைப் படத்தில் சேர்க்கக் கூடாது என்றார்கள். கடைசியில் 2021 ஆகஸ்டில் சமரசம் ஆகிவிட்டது, அவர் இனி நடிக்கலாம் என்று அறிவித்தீர்கள். அவரும் வந்தார், 2022ல் ஒரு படம், 2023ல் ‘மாமன்னன்’ என்று நடிக்கவும் செய்தார். 24ஆம் புலிகேசி மட்டும் வரவே இல்லை. எந்தப் படத்துக்காக இத்தனை வருடம் பேசினோமோ அந்தப் படத்தைத் தவிர மற்றதெல்லாம் தீர்ந்துபோனது.

நடிகர் பக்கமா, தயாரிப்பாளர் பக்கமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. போட்ட செட்டுக்கு ஆன செலவு என்றால் என்ன, அதற்கு ஏறும் வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த நஷ்டம் உண்மையானது. பணக் கணக்கை ஒருவழியாக முடித்துவிட்டீர்கள், சரி. அந்தக் கதையின் கணக்கு என்ன ஆனது?

முதல் பாகம் ஏன் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவனுக்கு அதுதான் முதல் படம். அதுவரை காமெடி டிராக்கில் வந்துகொண்டிருந்த வடிவேலு முழுப் படத்தையும் இரட்டை வேடத்தில் தூக்கிச் சுமந்தார். ஓவியன் எதிரே புலிகேசி நிற்க, அவருடைய தலைக்குக் கீழே ஒரு மாவீரனின் உடம்பு வரையப்படும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியில் இருப்பவர்களின் கட்அவுட் ஆசையை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. சாதிச் சண்டை போட்டுக்கொள்ளத் தனி மைதானம் திறந்து வைப்பார் அந்த ராஜா. ‘அக்காமாலா’, ‘கப்சி’ என்று வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க இடம் கொடுப்பார். கோலா பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2003லேயே சொல்லியிருந்தது. அதனால் தியேட்டரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். நகைச்சுவைக் கதை காத்திருக்காது. சண்டைப் படத்தின் திரைக்கதையை ஐந்து வருடம் பீரோவில் பூட்டி வைத்தாலும் எடுத்துத் தூசி தட்டி ஓரளவு ஒப்பேற்றலாம். அன்றைய நாட்டு நடப்பைக் கிண்டல் செய்யும் கதை அப்படியே ஆறிவிடும். நடிப்பவர்களின் வயதும் நிற்பதில்லை. முதல் பாகத்தில் இருந்த நாகேஷ் 2009ல் போய்விட்டார், மனோரமா 2015ல். வடிவேலுவின் நடிப்பு பாதி அவருடைய உடம்பில் இருக்கிறது, அந்த நடையில், தடுக்கி விழுந்து எழும் அந்த வேகத்தில். அவர் திரையில் இல்லாமல் போன வருடங்களை எந்தச் சமரசமும் திருப்பித் தரப்போவதில்லை. அதே காலத்தில் செல்போனில் பாதி மீம் அவர் முகத்தில்தான் ஓடியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4) பிரிவைப் பாருங்கள். ஒரு படைப்பின் உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. அந்த விலக்கை ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும், எழுதியவருக்கு இருக்கும் பாதுகாப்பு போய்விடும். முதல் படம் கிடைத்தால் போதும் என்று நிற்கும் ஒரு இளைஞர் அந்த வரியைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவார்?

ஆகவே உங்கள் உறுப்பினர்கள் போடும் ஒப்பந்தங்களில் அந்த விலக்கு வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு வருடம் போதாது என்றால் இரண்டு வருடம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதற்குள் படம் நகரவில்லை என்றால் திரைக்கதை எழுதியவர் கைக்குப் போகட்டும். தயாரிப்பாளர் கொடுத்த முன்பணத்தை, அடுத்து அந்தக் கதையை எடுப்பவர் திருப்பிக் கொடுக்கட்டும். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டாம் பாகம் என்றால் தலைப்பும் பாத்திரங்களும் முதல் தயாரிப்பாளரோடு சம்பந்தப்பட்டவை, அதற்குத் தனியாகப் பேச வேண்டியிருக்கும். அதையும் செட் போடுவதற்கு முன்பே எழுத்தில் வைத்துவிட்டால் பின்னால் இழுபறி இருக்காது.

அப்புறம் அந்த ரெட் கார்டு. கேரளத்தில் இயக்குநர் வினயனை ஒதுக்கி வைத்ததற்காக அங்குள்ள திரைச் சங்கங்களுக்கு, தொழிலில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் மத்திய அமைப்பான போட்டி ஆணையம் 2017ல் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போயும் 2020ல் அது மாறவில்லை. ஒருவரை வேலை செய்ய விடாமல் நிறுத்தி வைத்தால் அவரிடமிருந்து வர வேண்டிய பணமும் வராது, படமும் வராது. ஒரு பிரச்சினை உங்கள் மேஜைக்கு வந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள். பாக்கியை அடுத்த சம்பளத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவர் நடித்துக்கொண்டிருக்கட்டும். அவரை நம்பியிருக்கும் லைட்மேனுக்கும் மேக்கப்மேனுக்கும் அன்றாடச் சம்பளம் கிடைக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். 24ஆம் புலிகேசி இனி வருமோ வராதோ, இன்று யாரோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த காமெடிப் படமாவது இதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழ் சினிமா ரசிகன்