ஓடினால் லாபம் என்று சட்டமே சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மோதிக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொல்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் ஸ்டிரைக் செய்ததும், சங்கத்தாரிடம் பேசிய பிறகே அமல்படுத்துவோம் என்று உள்துறை வாக்குக் கொடுத்தது. அந்த ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. இது மட்டும் வரவில்லை.

ஆக, ஓடியதற்கென்று இன்று மிஞ்சுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 187-ம் பிரிவுதான். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினாலும் அபராதம் அதே 5,000தான்!

குடித்துவிட்டு ஓட்டியவன் போடும் கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராமைக் கழிக்கும். இரவு 11 மணிக்கு 90 இருந்தால், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் அளவுக்குள் வந்துவிடும். காலையில் வக்கீலோடு காவல் நிலையத்துக்கு வந்தால் சன்ஹிதாவின் 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம்: ஐந்தாண்டு வரை சிறை, ஆனால் ஜாமீனில் விடத்தக்க குற்றம். அங்கேயே நின்று போதையோடு பிடிபட்டிருந்தால் 105, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று வழக்கு திரும்பக்கூடும். நிற்பவனுக்கே ஆபத்து அதிகம். போதாக்குறைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு, சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் நிலையத்தில் தகவல் சொல்ல 24 மணி நேரம் வரை விடுகிறது.

லாரி ஓட்டுநர்களின் பயம் பொய்யில்லை. கூட்டம் அடிக்கும், வண்டியைக் கொளுத்தும். 134-ம் பிரிவே கூட்டத்தின் ஆத்திரத்தை ஒரு காரணமாக ஏற்கிறது. 106(2)-ன் வாசகப்படியும், இடத்தை விட்டு அகன்றாலும் உடனே போலீசுக்குச் சொன்னவர் அதில் சிக்கமாட்டார். ஆனால் ‘உடனே’ என்றால் எத்தனை நிமிடம்? அங்கேதான் கோளாறு. ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, அவசர எண் 112-க்குச் செய்த அழைப்பின் பதிவையே சான்றாக ஏற்கலாம். 134-ன் 24 மணி நேரத்தையும் அதற்கு ஏற்பக் குறைத்துவிட்டுப் பிரிவை அமல்படுத்தலாம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 106(2) மரணத்துக்கு மட்டும். காலை இழந்து உயிர் பிழைத்தவரை விட்டு ஓடினால் அதில் வராது. இதையும் சேர்க்க வேண்டும்.

ஓடுவதால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஆகும் நஷ்டம் தனி. வண்டி கிடைத்து, இன்சூரன்சும் இருந்தால் தீர்ப்பாயத்தில் மரண இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. வண்டி கிடைக்காவிட்டால், மோதிவிட்டு ஓடிய விபத்துகளுக்கான அரசு இழப்பீட்டுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். அதையும் பலர் கேட்பதில்லை, திட்டம் இருப்பதே தெரியாததால். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த இழப்பீட்டைக் கோரலாம் என்று நிலையப் பொறுப்பாளர் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. கடிதம் வராதவர்கள் நிலையத்தில் எழுதிக் கேட்கலாம். இழப்பீட்டு விண்ணப்பமான படிவம் 1-ஐ வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்கறிஞர்,
நாமக்கல்