ஒரு வாஷர் மாற்ற 80 வெள்ளியா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதம் ஓர் அக்கா வீட்டில் சிங்கிக்குக் கீழே கசிவு. வேலை முடிந்ததும் பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டார்ச் லைட்டும் டிஷ்யூவும் வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க. கடைசியில ஒரு வாஷர்தான் மாத்தினீங்க. அதுக்கு 80 வெள்ளியா?"

நியாயமான கேள்வி. இன்னும் பலர் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். தீபாவளிக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள் வந்து, அதுவரை சும்மா கிடந்த பைப்பெல்லாம் ஒழுக ஆரம்பிப்பதற்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறோம்.

குழாய்க்கு வரும் நல்ல தண்ணீர் எப்போதும் அழுத்தத்தில் நிற்கிறது. அந்தப் பைப்பில் ஓட்டை விழுந்தால் இரவு பகலாகக் கசியும், கண்டுபிடிப்பதும் சுலபம். கழிவுப் பைப்பு அப்படியில்லை. நீங்கள் தண்ணீரை ஊற்றும் அந்த அரை நிமிடம்தான் அதற்கு வேலை, மற்ற நேரம் காலியாகக் கிடக்கும். நாங்கள் வந்து நிற்கும்போது அது காய்ந்து போய் நல்ல பிள்ளையாக இருக்கும்.

அதனால் முதலில் வாசலில் இருக்கும் மீட்டரைத்தான் பார்ப்போம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் முள் சுற்றினால், கசிவது நல்ல தண்ணீர் பைப்பு அல்லது டாய்லெட் தொட்டி. தொட்டிதானா என்று பார்க்க அதில் கொஞ்சம் கேசரி கலரைக் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். அரை மணி நேரத்தில் கீழே கிண்ணத்தில் கலர் இறங்கியிருந்தால் தொட்டிதான். கழிவுப் பைப்பு எவ்வளவு கசிந்தாலும் தண்ணி பில் ஒரு காசு ஏறாது.

அந்த அக்கா வீட்டுச் சிங்கியில் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. துவாரத்தை அடைத்து, சிங்கி நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டோம். பைப்பு முழுசாக நிறைந்து ஓடும்போதுதான் இணைப்புகளின் குணம் தெரியும். ஒவ்வொரு நட்டாகக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுத்ததில், மூன்றாவது நட்டுக்கு மேல்பக்கம் ஈரம். கழற்றினால், சரிவு வைத்த வாஷரை யாரோ தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் நுழையும் பைப்பும் லேசாக வளைந்திருந்தது. அக்கா தினமும் சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க அப்படியே வடிக்கிறார். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். கஞ்சி வடிக்கும்போது பச்சைத் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிடுங்கள், போதும்.

மாடி பாத்ரூம்தான் பெரிய தலைவலி. சீலிங்கில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பைப்பின் அடியிலும் கான்கிரீட்டிலும் ஊர்ந்து போய், பள்ளமான இடத்தில் அல்லது விளக்குக்குப் போட்ட துளையில் இறங்கும். பல வருஷத்துக்கு முன் நாங்களே கறையை நம்பி ஒரு வீட்டில் மாடி டைல்ஸை உடைத்தோம். கீழே பைப்பு புதுசு போல இருந்தது. கசிந்தது நாலடி தள்ளி இருந்த வாஷிங் மெஷின் பைப்பு. மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது மட்டும் பொங்கி வழிந்திருக்கிறது. டைல்ஸ் காசு எங்கள் கையிலிருந்து போனது. அதற்கப்புறம்தான் இந்த டிஷ்யூ புத்தி வந்தது!

இப்போது உடைக்கும் முன் இரண்டு சோதனை செய்கிறோம். தரையை நனைக்காமல், ஒரு புனல் வைத்துத் துவாரத்துக்குள் மட்டும் இரண்டு வாளி ஊற்றுவோம். கீழே ஈரம் வந்தால் பைப்பு. வராவிட்டால் துவாரத்தை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுவோம். அப்போது கசிந்தால் பைப்பு மேல் குற்றமில்லை, டைல்ஸுக்கு அடியில் பூசிய தண்ணீர்த் தடுப்புதான் போயிருக்கிறது. வேலையும் வேறு, செலவும் வேறு.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் பின்னால் லோங்காங்கில், அதாவது திறந்த சாக்கடைக் கால்வாயில், கண்ணுக்கு முன்னாலேயே ஓடியது. தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்த பிறகு பலரும் கிச்சனைப் பின்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டோம். புதுத் தரை மெல்ல இறங்கும், பழைய வீடு இறங்காது. இரண்டும் சேரும் கோட்டில்தான் பைப்பு விரிசல் விடும். சுவரில் அந்த இடத்தில் வெடிப்பு இருந்தால் எங்களுக்கு முதலிலேயே சொல்லுங்கள். போட்டோ அனுப்பினால் இன்னும் நல்லது.

ஈப்போவிலும் கேஎல்லிலும் ஃபிளாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. மேல்வீட்டிலிருந்து கசிந்தால் அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைப்படி 7 நாளில் நிர்வாகத்தினர் வந்து பார்க்க வேண்டும்.

சரி, 80 வெள்ளிக்கு வருவோம். அது தேடுவதற்கான கூலி. பழுதுவேலையையும் எங்களிடமே கொடுத்தால் அதில் 40 வெள்ளியைக் கழித்துக்கொள்கிறோம். கூப்பிடும் முன் எதைப் பயன்படுத்தினால் ஒழுகுகிறது, எவ்வளவு நேரம் கழித்து ஒழுகுகிறது என்று இரண்டு நாள் கவனித்துச் சொன்னால் தேடும் நேரம் பாதியாகும். ஈரமான இடத்தில் நீங்களே வெள்ளை சிமெண்டு பூசிவிடாதீர்கள். சிங்கிக்குக் கீழே இருக்கும் எண்ணெய் டின், பழைய சட்டிகளை மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பைப்புக்காரர்கள்,
சுங்கை சிப்புட்